தட்டைப்புழு நடத்தும் பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து, பிறகு எம்.சி.ஏ. முடித்து, மென்பொருள் பொறியாளராக வேலை பார்க்கும் நான் புழுவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? "ஏம்பா, வேலைவாய்ப்பு, இன்டர்வியூ அந்த மாதிரி ஏதாவது பேசக்கூடாதா?" என்று சங்க நண்பர் ஒருவரே கேட்டுவிட்டார். அதையும் கடைசியில் கொஞ்சம் தொடுகிறேன். நான் வேலை செய்யும் நிறுவனம், நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படங்களையும் வீடியோக்களையும் அளக்கும் மென்பொருள் தயாரிக்கிறது. எந்தச் செல் எங்கிருந்து எங்கே நகர்ந்தது, எந்தப் பூச்சி எத்தனை வினாடி எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்கெடுப்பது எங்கள் தொழில். அந்த வேலைக்காகப் படிக்கப் போய் அறிமுகமானதுதான் இந்தத் தட்டைப்புழு. படிக்கப் படிக்க, "இது ஜூவாலஜிக்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுக்க முடியவில்லை. காரணம், இந்தப் புழு நம்மைக் கேட்க வைக்கும் கேள்வி ஒரு பொறியாளனின் கேள்வி. உடைந்துபோன ஒன்று, வெளியிலிருந்து ஒருவரும் வந்து பழுது பார்க்காமல், தன்னைத்தானே எப்படிச் சரிசெய்துகொள்கிறது?

யார் இந்தப் புழு?

தட்டைப்புழு என்றதும் நம் நினைவுக்கு வருவது நாடாப்புழு. மனிதர் குடலிலும் ஆடு மாடுகளின் ஈரலிலும் ஒட்டி வாழ்ந்து தொல்லை கொடுக்கும் கூட்டம் அது. ஆனால் அதே குடும்பத்தில், ஒருவரையும் அண்டிப் பிழைக்காமல் சொந்தக் காலில் நிற்கிற கிளையும் உண்டு. காலே இல்லாத புழுவுக்குச் சொந்தக் கால் ஏது என்று கேட்காதீர்கள்! நல்ல தண்ணீரில், கல்லுக்கு அடியில், உதிர்ந்த இலைக்கு அடியில், வெளிச்சம் படாமல் இருக்கும் பிளனேரியா அப்படிப்பட்டது. பத்தாம் வகுப்பில் "இழப்பு மீட்டல்" என்று ஒரு பத்தி படித்திருப்பீர்கள். ஹைட்ரா, பிளனேரியா என்று 2 மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்த அதே பிளனேரியாதான்.

நீளம் ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆள். தலையில் இரண்டு கண். பார்த்தால் மாறுகண் மாதிரி இருக்கும். இரத்தம் இல்லை, நுரையீரல் இல்லை. வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது. தின்பதும் அந்த வழிதான், கழிவதும் அந்த வழிதான். ஆனாலும் தலையில் ஒரு மூளை உண்டு, அதிலிருந்து உடல் நெடுக ஓடும் இரண்டு நரம்புத் தண்டுகள் உண்டு. பட்டினி போட்டால் செத்துப் போகாது, சிறுக்கும். உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்து மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி தீனி கிடைத்தால் பழைய அளவுக்கு வளரும். சிறுத்தாலும் வளர்ந்தாலும் தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. இதை ஒரு பொறியாளரிடம் சொல்லிப் பாருங்கள், தூக்கம் கெட்டுவிடும்.

இதை வெட்டினால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய வேடிக்கை. அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1898-ல் பிளனேரியாவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். முழுப் புழுவில் 279-ல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட மீண்டும் முழுப் புழுவாக வளரக்கூடும் என்று கண்டார். தலையை வெட்டினால் இரண்டு மூன்று நாளில் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு முகிழ் தோன்றும். ஒரு வாரத்தில் கண் தெரியும். இரண்டு வாரத்தில் மூளையோடு கூடிய புதுத் தலை தயார். வெட்டிய தலையும் சும்மா இருப்பதில்லை, தனக்கு ஒரு வாலை வளர்த்துக்கொள்ளும்.

நம் ஊர் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலின் தல வரலாறு உங்களுக்குத் தெரியும். பூப்பறிக்க மரம் ஏறுவதற்காக இறைவனிடம் புலிக்கால் கேட்டு வாங்கிய முனிவர் வழிபட்ட தலம் இது. அவர் தவம் இருந்து கேட்டுக் கால் பெற்றார். இந்தப் புழு கேட்காமலேயே தலையைப் பெற்றுக்கொள்கிறது!

மாதிரி உயிரி என்றால்?

உயிரியல் ஆராய்ச்சியில் "மாதிரி உயிரி" என்று ஒரு சொல் உண்டு. எல்லா உயிர்களையும் ஆராய முடியாது. அதனால் ஒரு சில உயிர்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் கற்றதை மற்றவற்றுக்குப் பொருத்திப் பார்ப்பார்கள். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ, வெள்ளெலி இவையெல்லாம் அப்படிப் புகழ் பெற்றவை. நன்றாகக் கவனியுங்கள்: உயர்ந்த பிராணி, அழகான பிராணி என்பதற்காக இவற்றில் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் கேள்விக்கு எது தெளிவாகப் பதில் சொல்லும் என்பதுதான் கணக்கு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் குணம் எப்படிப் போகிறது என்று கேட்டால், பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முடிக்கும் பழ ஈ நல்ல பதில் சொல்லும். அறுந்தது எப்படி மீண்டும் வளர்கிறது என்று கேட்டால், பழ ஈ கையை விரித்துவிடும். அங்கே பிளனேரியாதான் ஆசிரியர்.

சுவாரசியம் என்னவென்றால், இரண்டு உயிரியையும் கையில் எடுத்தவர் ஒரே ஆள். அதே மார்கன் பிற்பாடு பழ ஈக்குப் போனார். குரோமோசோமுக்கும் பாரம்பரியத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டி 1933-ல் நோபல் பரிசு வாங்கினார். பிளனேரியா பின்தங்கிப் போயிற்று. அந்தப் புழுவில் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று சோதிக்கக் கருவி இல்லாததுதான் பெரிய தடை. கேள்வி நல்ல கேள்விதான், கருவிதான் இல்லை. நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

1998-ல் ஆண்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ என்ற இருவர், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் வாயடைக்கலாம் என்று வேறொரு புழுவில் காட்டினார்கள். 2006-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே, 1999-ல், இந்த முறை பிளனேரியாவிலும் வேலை செய்கிறது என்று அலெஹாந்த்ரோ சான்செஸ் அல்வராடோவும் பிலிப் நியூமார்க்கும் காட்டினார்கள். சில ஆண்டுகளில் முறை இன்னும் சுலபமாயிற்று. ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் பாக்டீரியாவை ஈரல் மசியலில் கலந்து ஊட்டினால் போதும். குழந்தைக்கு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோமே, அதே வைத்தியம்தான்.

இவர்கள் ஆராய்ச்சிக்குப் புழுவை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் மோன்ட்ஜுயிக் என்ற குன்று இருக்கிறது. அங்கே ஒரு பழைய நீரூற்றுத் தொட்டியில் பிடித்தார்கள். அப்படிப் பிடித்த ஒரே ஒரு புழுவை வெட்டி வெட்டிப் பெருக்கிய வம்சம்தான் இன்று உலகத்தின் பல ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கிய உயிரி அல்ல. ஒரு பூங்காத் தொட்டியில் கிடந்த புழு. இந்த இடத்தில் தம்பி தங்கைகள் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல்லும் நூலும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இந்த ஒரு பகுதிதான்.

ஊரில் வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். செங்கல், மணல், சிமென்ட் வந்து தெருவில் இறங்கும். அதனால் மட்டும் வீடு வந்துவிடாது. மேஸ்திரி வந்து முளைக்குச்சி அடித்து, மூலைக்கு மூலை நூல் கட்ட வேண்டும். எது வாசல், எது சமையற்கட்டு என்று குறித்த பிறகுதான் ஒரு செங்கல்லுக்கு அதன் இடம் தெரியும். ஆகப் பொருள் வேண்டும், இடக்குறிப்பும் வேண்டும். புழுவிடம் இரண்டும் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகக் கண்டுபிடித்ததுதான் கடந்த கால் நூற்றாண்டின் சாதனை.

முதலில் செங்கல். பிளனேரியாவின் உடல் செல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு என்று ஒதுக்கப்படாத குருத்தணுக்கள். ஆராய்ச்சியாளர்கள் இவற்றை நியோபிளாஸ்ட் என்கிறார்கள். கதிர்வீச்சால் இவற்றை அழித்துவிட்டால் புழு மீள முடியாமல் செத்துவிடும். 2011-ல் அமெரிக்காவின் பீட்டர் ரெட்டியன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அப்படிச் சாகக் கிடந்த புழுவுக்குள் இன்னொரு புழுவிலிருந்து எடுத்த ஒரே ஒரு குருத்தணுவை வைத்தார்கள். ஒன்றே ஒன்று! அது பெருகி, நரம்பாகவும் குடலாகவும் தோலாகவும் மாறி, சில புழுக்களைப் பிழைக்க வைத்தது. நாளடைவில் அந்தப் புழுவின் செல்களெல்லாம் கொடுத்தவர் வீட்டுச் செல்களாகவே ஆகிவிட்டன.

அடுத்தது நூல். வெட்டுவாயில் நிற்கும் குருத்தணுவுக்கு, "இங்கே தலை வேணுமா, வால் வேணுமா?" என்று யார் சொல்கிறார்கள்? 2008-ல் மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். பீட்டா கேட்டினின் என்ற மரபணுவை வாயடைத்துவிட்டு வாலை வெட்டினால், வால் இருந்த இடத்தில் இன்னொரு தலை முளைக்கிறது. அதாவது வால் பக்கத்திலிருந்து ஒரு செய்தி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அது அதிகமாக இருக்கும் இடத்தில் வால், அடங்கிய இடத்தில் தலை. 2011-ல் நோட்டம் என்ற இன்னொரு மரபணு அகப்பட்டது. பெயரே நம் தமிழ்ச் சொல் போல இருக்கிறது, வேலையும் அப்படித்தான். காயம் பட்டதும், அந்தக் காயம் முன்பக்கம் பார்த்திருக்கிறதா பின்பக்கம் பார்த்திருக்கிறதா என்று நோட்டம் பார்த்தது போல, முன்பக்கக் காயத்தில்தான் அது விழிக்கிறது. விழித்து, வால் செய்தியை அங்கே அடக்குகிறது. அதை வாயடைத்தால் தலை வரவேண்டிய இடத்தில் வால் வந்துவிடுகிறது.

இந்த இடக்குறிப்புகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? மூளையில் இருக்கும் என்று நினைப்போம். இருக்க முடியாது, தலையே போன துண்டுக்குத்தானே தலை முளைக்கிறது! 2013-ல் விடை கிடைத்தது: உடல் முழுக்கப் பரவியிருக்கும் தசைச் செல்களில். தலைக்கு அருகில் உள்ள தசை "இது தலைப்பக்கம்" என்றும், வாலுக்கு அருகில் உள்ள தசை "இது வால் பக்கம்" என்றும் குறிப்பு வைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எப்படிச் சீட்டு எடுப்பது என்ற விதி ஒரு பெரிய மனிதரின் தலைக்குள் இல்லை, சுவரில் இருந்தது. வருஷா வருஷம் வாரியத்து ஆட்கள் மாறினாலும் ஊர் நடந்தது. புழுவின் உடம்பும் அப்படி ஒரு ஊர். தலை போனாலும் விதி போவதில்லை. அது சுவரில் இருக்கிறது.

பக்கத்து ஊரில் நடப்பது

இதெல்லாம் அமெரிக்காவில் ஸ்பெயினில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்தில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடக்கூடிய பெங்களூரில், ஜி.கே.வி.கே. வளாகத்தில், இன்ஸ்டெம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசின் குருத்தணு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தாசரதி பலகொடேட்டி ஆய்வுக்கூடத்தில் பிளனேரியா வளர்த்து ஆராய்கிறார்கள்.

அந்த நிறுவனத்தில் ஆகாஷ் குல்யானி, நிஷான் ஷெட்டிகர் முதலானோர் செய்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் வெளியானது. என் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிளனேரியா வெளிச்சத்துக்குப் பயந்து ஓடும். அதன் கண்ணில் ஒளியை வாங்கும் புரதம் ஒரே வகைதான். நம் கண்ணில் உள்ளது போல நிறத்துக்கு ஒன்று கிடையாது. ஆகவே அதற்கு நிறம் தெரிய நியாயமே இல்லை. ஆனால் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்று வெளிச்சம் வைத்தால், புழு ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகிறது. இரண்டுக்கும் அலைநீளத்தில் வெறும் 25 நானோமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட, ஓடும் திசையை முழுவதுமாக மாற்றிவிடுகிறது. எப்படி? கண்ணில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்ற மிகச்சிறிய வித்தியாசத்தை ஒப்பிட்டு, "இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம்" என்று முடிவெடுக்கிறது. மலிவான ஒரே சென்சாரை வைத்துக்கொண்டு நல்ல புரோகிராம் எழுதியது போல!

பிறகு தலையை வெட்டிவிட்டு வளர விட்டுப் பார்த்தார்கள். புதுக் கண் முளைத்ததும் வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரிகிறது. நுட்பமான ஒப்பீடு பிறகுதான் வருகிறது. எந்தத் திறமை அடித்தளம், எது மேல்மாடி என்பதை, வீடு திரும்பக் கட்டப்படும்போதே நின்று பார்க்க முடிகிறது. ஒரு எலியிடமோ மனிதனிடமோ இதைச் செய்ய முடியுமா? அறுந்தது வளரும் உயிரிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. மாதிரி உயிரி என்பதன் பொருள் எனக்கு இங்கேதான் முழுசாக விளங்கியது.

2021-ல் வந்த அடுத்த ஆராய்ச்சி இன்னும் அதிசயம். தலையே இல்லாத புழு, புற ஊதா ஒளி பட்டால் ஒழுங்காக நகர்ந்து விலகுகிறது. உடம்பு முழுவதும் ஒளி உணரும் செல்கள் வரிசையாக இருப்பதைக் கண்டார்கள். வளர்ந்த புழுவில்தான் இந்த அமைப்பு முதிர்கிறது. ஓய்வில் கிடக்கும் புழுவை எழுப்பிவிடவும் இது உதவுகிறது.

இன்னொரு கதையையும் எச்சரிக்கைக்காகச் சொல்ல வேண்டும். 1950-களிலும் 60-களிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கன்னல், பயிற்சி கொடுத்த புழுவை வெட்டிப் பயிற்சி இல்லாத புழுவுக்குத் தின்னக் கொடுத்தால் அதற்கும் பாடம் வந்துவிடுகிறது என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. "புரொபசரைச் சாப்பிட்டா பாஸ் ஆயிடலாம்" என்ற ரகம்! ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது திரும்பத் திரும்ப வரவில்லை. புழு சுருண்டதா இல்லையா என்று மனிதர் கண்ணால் பார்த்து எழுதியதும் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 2013-ல் தால் ஷோம்ராட்டும் மைக்கேல் லெவினும் புழுவின் நடமாட்டத்தைக் கேமராவும் கம்ப்யூட்டரும் கணக்கெடுக்கும் கருவியை வைத்து, வேறு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். தலை வெட்டி, புதுத் தலை முளைத்த பிறகு, ஒரு சிறு நினைவூட்டல் கொடுத்தால் அந்தப் புழுக்கள் பழைய பாடத்தை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. தின்று கற்பது என்ற பெரிய பேச்சு நிலைக்கவில்லை. பொறுமையாக அளந்தது நின்றது. கம்ப்யூட்டர் படிக்கும் தம்பிகள் உயிரியலில் எங்கே நுழையலாம் என்பதற்கு இது ஒரு வாசல்.

இதனால் நமக்கு என்ன?

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழு மனித இரத்தக் குழாயில் வருஷக்கணக்கில், சில சமயம் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் 25 கோடிப் பேருக்கு அதற்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டது. பெரும்பாலானோர் ஆப்பிரிக்க மக்கள். அந்தப் புழுவின் ஆயுள் ரகசியத்தைத் தேடியபோது, 2013-ல், பிளனேரியாவின் குருத்தணுக்களைப் போன்றவையே அதன் உடம்பிலும் இருப்பது தெரிந்தது. நல்ல பங்காளியைப் படித்ததால் கெட்ட பங்காளியின் பலம் தெரிந்தது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பயன் வேறு. என் பெரியப்பா முறை உறவினர் ஒருவர் சர்க்கரை நோயால் ஒரு பாதத்தை இழந்தார். நம் பகுதியில் இப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். காயமும் ஆறவில்லை. அந்த நேரத்தில் யாரோ ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு தனியார் மையம், பெயர் வேண்டாம். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் இழந்த திசு வளரும்" என்று போட்டிருந்தது. பெரியம்மா வளையலை அடகு வைத்து முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவது ஊசிக்குப் பணம் புரட்டும்போதுதான் என்னிடம் சொன்னார்கள். "நீதான் புழு, செல்லுன்னு என்னமோ பண்றியே, இது நல்லதாப்பா?" என்று பெரியம்மா கேட்டார்.

நான் அவருக்குச் சொன்னது இதுதான். "பெரியம்மா, புழுவுக்குக் கால் காசு செலவில்லாம தலை வளருது. ஏன்னா அதுக்குச் செங்கல்லும் இருக்கு, நூலும் கட்டியிருக்கு. இவங்க தெருவுல செங்கல்லை இறக்கிட்டுப் போறாங்க. நூல் கட்ட இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அது தெரியறதுக்குத்தான் புழுவை வெச்சுப் படிச்சிட்டிருக்காங்க." படிக்காத பெரியம்மாவுக்கு அது உடனே விளங்கியது. இரண்டாவது ஊசி போடவில்லை. அரசு மருத்துவமனையில் காயத்துக்கு முறையாகக் கட்டுப் போட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு புண் ஆறியது. வளையல் மட்டும் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாக இருக்கின்றன. சில இரத்த நோய்களுக்குச் செய்யும் இரத்தக் குருத்தணு மாற்று மட்டும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. மற்ற நோய்களுக்கு அனுமதி பெற்ற ஆராய்ச்சிச் சோதனையாக மட்டும் செய்யலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அறிவியல் படித்தவன் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் தொண்டு, வராததை வரும் என்று சொல்லுகிறவனிடமிருந்து சொந்தக்காரர்களைக் காப்பாற்றுவது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது வேலைவாய்ப்பு கேட்ட நண்பருக்குப் பதில். "ரிசர்ச் எல்லாம் நமக்கு எட்டுமாண்ணே? நாம தமிழ் மீடியம், கிராமத்து காலேஜ்" என்று போன வருஷம் ஒரு தம்பி கேட்டான். நீரூற்றுத் தொட்டிப் புழுவை அவனுக்காகத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். மழைக்காலம் முடிந்ததும், சுத்தமான நீர் மெதுவாக ஓடும் கால்வாய், ஓடை, ஏரிக் கலிங்கல் ஓரம் போங்கள். நீச்சல் தெரிந்தாலும் ஆழத்தில் இறங்க வேண்டாம். கரையோரக் கல்லையும் ஊறிய இலையையும் திருப்பிப் பாருங்கள். ஒரு துண்டு ஈரலை நூலில் கட்டிச் சிறிது நேரம் தண்ணீரில் விட்டு எடுத்தாலும் வந்து ஒட்டும். அட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அட்டை உடம்பை வளைத்து வளைத்து நடக்கும், உறிஞ்சி ஒட்டும். பிளனேரியா கண்ணாடி மேல் எண்ணெய் வழுக்குவது போலச் சறுக்கும். மழைக்குத் தோட்டத்து மண்ணில் வரும், சுத்தியல் தலை கொண்ட நீளத் தட்டைப்புழுவைக் கையால் தொடாதீர்கள். அந்த இனத்தில் சிலவற்றின் உடம்பில் நஞ்சு இருப்பது தெரியவந்திருக்கிறது.

முதல் நாள் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம்; வேறு நீர்நிலையில் தேடுங்கள். எங்கே இருந்தது, எங்கே இல்லை, தண்ணீர் எப்படி இருந்தது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். அசுத்தத்தை இந்தப் புழு தாங்காது என்பதால் அந்தக் குறிப்பே நம் நீர்நிலைகளைப் பற்றிய ஒரு சாட்சியாகும். கிடைத்தால், குளோரின் கலக்காத தண்ணீரில், கண்ணாடிக் கிண்ணத்தில், நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை துளி ஈரல். தின்று முடித்ததும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். வெட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. சில புழுக்கள் தாமே வாலைத் தரையில் ஒட்டிக்கொண்டு, இழுத்து அறுத்து இரண்டாகும். வெட்டித்தான் பார்ப்பேன் என்றால் விலங்கியல் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கிண்ணத்தின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். செல்போன் கேமராவை மேலே நிறுத்திப் பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள். இமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம். புழு வெளிச்சத்தில் எத்தனை வினாடி, இருட்டில் எத்தனை வினாடி என்று அளந்து, இருபது முறை திரும்பச் செய்து பாருங்கள். ஜூவாலஜி மாணவி புழுவை வளர்க்கட்டும், கம்ப்யூட்டர் மாணவன் கணக்கெடுக்கும் புரோகிராம் எழுதட்டும், கணக்கு மாணவர் முடிவைச் சரிபார்க்கட்டும், தமிழ் படிப்பவர் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதட்டும். இன்டர்வியூவில் "என்ன புராஜெக்ட் செய்தாய்?" என்று கேட்டால், கடையில் வாங்கிய புராஜெக்டைப் பற்றி முழிக்க வேண்டியதில்லை. நீங்களே அளந்ததைச் சொல்லலாம். நானே இப்போது ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். சொந்தமாக அளந்தவனின் பேச்சு முதல் இரண்டு நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்கு முதல் தேவையான கண்ணாடிக் கிண்ணங்கள், கைலென்ஸ்கள், ஒரு சாதாரண நுண்ணோக்கி இவற்றை எங்கள் வகுப்பு நண்பர்கள் சேர்ந்து கல்லூரிக்கு வாங்கித் தர முடிவு செய்திருக்கிறோம் என்பதை இம்மேடையில் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். புழுவை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.